உலர் ஈஸ்ட்: ஊறவைப்பதா, தூவுவதா?

வீட்டில் பீர் காய்ச்சுபவர்களிடையே நெடுநாளாகத் தீராத வழக்கு ஒன்று உண்டு. பொட்டலத்தில் வரும் உலர் ஈஸ்டை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, அது உயிர் பெற்ற பிறகே மால்ட் சாற்றில் சேர்க்க வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. பொட்டலத்தைக் கத்தரித்துச் சாற்றின் மேல் அப்படியே தூவினால் போதும் என்கிறது மறுதரப்பு. இரண்டு பக்கமும் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். இரு தரப்பினரும் ஈஸ்ட் நிறுவனங்களின் கையேடுகளையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். இந்த வழக்குக்குத் தெளிவான தீர்ப்பு சொல்ல முடியும் என்றே நினைக்கிறேன். ஆனால் அதைவிடப் பெரிய மூன்று கேள்விகளை இந்த வழக்கு பின்னுக்குத் தள்ளிவிட்டது: எந்த ரகம், எவ்வளவு, எந்த வெப்பநிலையில்? பீரின் சுவையைத் தீர்மானிப்பவை இவைதான்.

தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது சட்டப்படி குற்றம். எனவே இங்கே பேசப்படுவது அது அனுமதிக்கப்பட்ட நாடுகளின் பழக்கம். பிரிட்டனில் 1963ஆம் ஆண்டு நிதியமைச்சர் ரெஜினால்ட் மோட்லிங், வீட்டு பீருக்கு உரிமம் வாங்க வேண்டும் என்ற விதியை நீக்கினார். அமெரிக்காவில் 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் 1979 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்தக் காலத்து வீட்டு பீர், பெரும்பாலும் கெட்டியாக்கிய மால்ட் சாறு அடைத்த தகர டப்பாவில் தொடங்கியது. டப்பாவின் பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் ஒரு சிறிய ஈஸ்ட் பொட்டலம் இருக்கும். அது என்ன ரகம் என்று எழுதியிருக்காது. கடை அலமாரியின் வெப்பத்தில் எத்தனை மாதம் கிடந்தது என்றும் தெரியாது. பாக்டீரியாவும் காட்டு ஈஸ்டும் கலந்த பொட்டலங்கள் அன்று அரிதல்ல. புளித்துப்போன பீருக்குக் காய்ச்சியவரின் கைப்பக்குவம் பழி சுமந்தது; குற்றம் பல நேரம் பொட்டலத்தில் இருந்தது.

1986இல் ஒரேகன் மாநிலத்தில் தொடங்கிய வையீஸ்ட் நிறுவனமும், 1995இல் சான் டியாகோவில் தொடங்கிய வைட் லாப்ஸும் தூய திரவ ஈஸ்டை வீட்டில் காய்ச்சுபவர்களுக்கு விற்கத் தொடங்கியதும், ஆர்வலர்கள் கூட்டமாக அந்தப் பக்கம் போனார்கள். உலர் ஈஸ்ட் கற்றுக்குட்டிகளுக்கானது என்ற எண்ணம் அப்போது வேர்விட்டது. இன்றும் அது முழுமையாகப் போகவில்லை. ஆனால் பொட்டலத்துக்குள் இருப்பது மாறிவிட்டது. மாண்ட்ரியாலைச் சேர்ந்த லாலெமான்ட், பிரான்ஸின் லெசாஃப்ர் குழுமத்தின் பிரிவான ஃபெர்மென்டிஸ் ஆகிய இரு பெரிய நிறுவனங்களும் இப்போது ரகத்தின் பெயரை அச்சிட்டு விற்கின்றன. பாக்டீரியா 10 லட்சம் ஈஸ்ட் செல்களுக்கு ஒன்றைக்கூட எட்டக்கூடாது என்ற அளவிலான வரம்புகளைத் தமக்கு வகுத்துக்கொண்டிருக்கின்றன. பழைய பழியை இன்றைய பொட்டலத்தின் மேல் சுமத்துவது நியாயமில்லை.

உலர் ஈஸ்டின் நிறையும் குறையும் அது தயாராகும் முறையிலேயே இருக்கின்றன. ஆலையில் பெரிய தொட்டிகளில் இடைவிடாமல் காற்றைச் செலுத்தி, சர்க்கரையைச் சிறுகச் சிறுக ஊட்டி ஈஸ்டை வளர்க்கிறார்கள். சர்க்கரையை மொத்தமாகக் கொட்டினால் காற்று இருந்தும்கூட ஈஸ்ட் ஆல்கஹால் பண்ணத் தொடங்கிவிடும். கொஞ்சமாக ஊட்டினால் முழுக் கவனமும் பெருகுவதில் இருக்கும். ஆக்சிஜன் தாராளமாகக் கிடைப்பதால் செல்கள் தம் சவ்வுக்கு வேண்டிய ஸ்டெரால்களையும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களையும் சேமித்துக்கொள்கின்றன. டிரெஹலோஸ் என்ற சர்க்கரையும் உள்ளே சேர்கிறது. நீர் வற்றும்போது சவ்வைக் காப்பது அதுதான். பிறகு ஈஸ்டை வடிகட்டி, மெல்லிய இழைகளாகப் பிழிந்து, வெப்பக் காற்றில் மிதக்கவிட்டு உலர்த்துகிறார்கள். கடைசியில் ஈரம் ஏறத்தாழ 5 விழுக்காடுதான் மிஞ்சும். குருணை மீண்டும் நீரை ஏற்க உதவும்படி சார்பிட்டான் மோனோஸ்டீரேட் என்ற பால்மமாக்கி சிறிதளவு சேர்க்கப்படுகிறது.

இதிலிருந்து கிடைக்கும் பெரிய நன்மையைப் பலர் கவனிப்பதில்லை. திரவ ஈஸ்ட் இடுபவர் ஆறிய சாற்றுக்குள் ஆக்சிஜனைச் செலுத்த வேண்டும். இல்லாவிட்டால் புதுச் செல்களின் சவ்வுக்கு வேண்டிய ஸ்டெரால் உருவாகாது. உலர் ஈஸ்ட் அந்தச் சேமிப்பை ஆலையிலிருந்தே கொண்டுவருகிறது. நடுத்தர அடர்த்தியுள்ள சாற்றில் முதல் முறை இடும்போது காற்றேற்றம் தேவையில்லை. வீட்டுச் சமையலறையில் ஒரு கருவியும் தொற்று நுழையும் ஒரு வழியும் குறைகின்றன. குளிர்ந்த இடத்தில் 2, 3 ஆண்டுகள் கெடாமல் இருப்பது, தபாலில் தாங்குவது, விலை குறைவு என்ற மற்ற நன்மைகள் எல்லோரும் அறிந்தவை.

குறையும் அதே இடத்தில்தான் தொடங்குகிறது. எல்லா ரகங்களும் உலர்த்தலைத் தாங்குவதில்லை. ஆகவே கடையில் கிடைக்கும் பட்டியல், பீருக்கு எவை சிறந்தவை என்பதால் மட்டும் அமைந்ததல்ல. எவை வெப்பக் காற்றில் பிழைத்தன என்பதாலும் அமைந்தது. பெல்ஜிய மடாலய பீர்களின் நுட்பமான மணங்களைத் தேடுபவருக்கு உலர் ரகங்கள் இன்னும் போதவில்லை. ஜெர்மானியக் கோதுமை பீர், நார்வேயின் க்வெய்க், ஆங்கிலேய ஏல் போன்றவற்றுக்குச் சில ஆண்டுகளாக நல்ல உலர் ரகங்கள் வந்துள்ளன. அதை மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்ளலாம். ஆனாலும் இடைவெளி மூடிவிட்டது என்று சொல்ல முடியாது.

இனி ரகத் தேர்வு. நம் ஊர்க் கடைகளில் ரொட்டிக்கு விற்கும் குருணை ஈஸ்டும் ஏல் வகை பீருக்கான ஈஸ்டும் ஒரே இனம்தான்: சாக்கரோமைசிஸ் செரிவிசியே. ஆனால் ரொட்டி ஈஸ்ட் வேகமாக வாயு விடுவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அது அடியில் தெளிந்து படிவதில்லை. கோதுமை பீரில் மட்டும் விரும்பப்படும் கிராம்பு வாசத்தை எல்லா பீரிலும் கொண்டுவந்துவிடும். பீர் ஈஸ்டுகளில் பெரும்பாலானவை அந்த வாசத்தை உண்டாக்கும் திறனைத் தலைமுறை தலைமுறையாக மனிதத் தேர்வில் இழந்தவை. ரொட்டி ஈஸ்டில் பீர் வரும். குடிக்கத்தக்க பீராக வருவது அபூர்வம்.

ஏல் ரகங்களுக்குள் உள்ள வேறுபாடும் சிறிதல்ல. ஃபெர்மென்டிஸின் யுஎஸ்-05 தன் சுவையை அதிகம் காட்டாமல் ஹாப்ஸையும் மால்டையும் முன்னே விடுகிறது. நெடுநேரம் சாற்றில் மிதந்து, மெதுவாகவே தெளிகிறது. அதே நிறுவனத்தின் எஸ்-04 வேகமாகத் திரண்டு அடியில் கெட்டியாகப் படிகிறது. புட்டியில் அடைப்பவருக்கு அது வரம். ஆனால் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதன் பழ வாசம் தூக்கலாகிவிடும். லாலெமான்டின் நாட்டிங்ஹாம் குளிரான அறையிலும் சளைக்காமல் வேலை செய்யும். இந்த மூன்றில் எது சிறந்தது என்ற கேள்விக்குப் பொருளில்லை. உங்கள் அறை எத்தனை டிகிரி, நீங்கள் காய்ச்சுவது என்ன பீர் என்ற இரண்டையும் சொல்லாமல் ஈஸ்ட் கேட்பவருக்கு யாரும் சரியான விடை தர முடியாது.

அதிகம் ஏமாற்றும் ரகம் விண்ட்சர். சாற்றில் மால்டோஸுக்கு அடுத்தபடியாக இருக்கும் நொதிக்கும் சர்க்கரை மால்டோட்ரையோஸ். விண்ட்சருக்கு அதை உண்ணத் தெரியாது. லாலெமான்டின் லண்டன் ரகமும் அப்படித்தான். எனவே இவை காய்ச்சிய பீர் இனிப்பும் கனமும் மிஞ்சிய நிலையில் நின்றுவிடும். மென்மையான ஆங்கிலேய மைல்டு ஏலுக்கு அதுவே அழகு. விவரம் அறியாதவரோ நொதித்தல் பாதியில் நின்றுவிட்டதென்று அஞ்சி, வாளியைச் சூடாக்குகிறார், கலக்குகிறார், இன்னொரு பொட்டலம் வாங்கிப் போடுகிறார். ஊறவைக்காததால்தான் இப்படி ஆயிற்று என்று நண்பர்கள் தீர்ப்பும் சொல்கிறார்கள். எத்தனை முறை முறையாக ஊறவைத்தாலும் விண்ட்சர் மால்டோட்ரையோஸை உண்ணப்போவதில்லை.

இதற்கு நேர்மாறான ரகங்கள் இன்னும் கவனத்துக்குரியவை. பெல் சேசான், டபிள்யூபி-06, பிஇ-134 ஆகியவை டயாஸ்டேடிகஸ் வகையைச் சேர்ந்தவை. எஸ்டிஏ1 என்ற மரபணுவின் துணையால் இவை ஒரு நொதியைச் சுரந்து, சாதாரண ஈஸ்ட் தொடாத டெக்ஸ்ட்ரின்களையும் உடைத்துச் சர்க்கரையாக்கி உண்கின்றன. அந்த வேலை மெதுவாக நடக்கும். முடிந்துவிட்டது என்று நினைத்து அடைத்த புட்டிக்குள்ளும் தொடரும். அழுத்தம் ஏறிக் கண்ணாடி வெடித்தால் கையும் கண்ணும் போகலாம். அதே குழாயையும் வாளியையும் சரியாகக் கழுவாமல் அடுத்த பீருக்குப் பயன்படுத்தினால் ஆபத்து அங்கேயும் தொற்றும். இனிப்பு மிஞ்சாத சேசான் பீருக்கு இத்தகைய ரகங்கள் இன்றியமையாதவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் எடுத்தவர் தெரிந்து எடுக்க வேண்டும்.

இப்போது அந்த நெடுநாள் வழக்குக்கு வருவோம். ஊறவைக்கச் சொல்வோரின் வாதம் உறுதியான உயிரியல் அடிப்படை கொண்டது. உலர்ந்த செல்லின் சவ்வு விறைத்த நிலையில் இருக்கிறது. நீர் பட்டதும் அது இளகி இயல்புக்குத் திரும்ப வேண்டும். அந்த முதல் சில நிமிடங்களில் எதை உள்ளே விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்று தேர்ந்தெடுக்கும் ஆற்றல் சவ்வுக்கு இல்லை. சூழ்ந்திருப்பது இதமான வெறும் நீரானால் கெடுதல் குறைவு. சர்க்கரையும் ஹாப்ஸின் கசப்புப் பொருள்களும் நிறைந்த சாறானால் அவை தடையின்றி நுழைந்து செல்லைக் கொல்லலாம். நீர் குளிர்ந்திருந்தால் சவ்வு இளகுவதற்குள் உள்ளிருப்பவை கசிந்துவிடும். லாலெமான்டில் பணியாற்றிய கிளேட்டன் கோன், ஏறத்தாழ 35 முதல் 40 டிகிரி நீரில் செல்கள் முழுமையாக மீள்கின்றன, சுமார் 15 டிகிரியில் 60 விழுக்காடு வரை மடியலாம் என்று விளக்கினார். கிறிஸ் வைட்டும் ஜமில் சைனாஷெஃபும் 2010இல் வெளியிட்ட ஈஸ்ட் நூலும் நேரடியாகத் தூவினால் பாதியளவு செல்கள் சாகும் என்ற கருத்தையே சொன்னது. வீட்டில் காய்ச்சும் ஒரு தலைமுறைக்கு இதுவே வேதமாயிற்று.

பின்னர் தயாரிப்பாளர்களே நிலை மாறினார்கள். ஃபெர்மென்டிஸ் தன் ஈஸ்டுகளை நேரடியாகச் சாற்றில் இடலாம் என்று அறிவித்தது. லாலெமான்டும் இன்று தன் தகவல் தாள்களில் நேரடியாகத் தூவுவதையே விரும்பத்தக்க முறையாகக் குறிப்பிட்டு, ஊறவைப்பதை அடர்த்தி மிகுந்த சாறு, புளிக்கவைத்த சாறு போன்ற கடினமான நிலைமைகளுக்கு ஒதுக்குகிறது. வாடிக்கையாளருக்கு வேலையைக் குறைத்துக் காட்டும் வணிக நோக்கம் இதில் இருக்கலாம் என்ற ஐயம் இயல்பானது. ஆனால் அவர்கள் சொல்லும் காரணம் வலுவானது. ஊறவைத்தல் ஆய்வகத்தில் நன்மை தருகிறது. சமையலறையில் அது எப்படி நடக்கிறது என்பதுதான் கேள்வி.

முறை இதுதான்: ஈஸ்டின் எடையைப் போல் 10 மடங்கு, அதாவது 11 கிராமுக்கு 110 மில்லிலிட்டர், கொதிக்கவைத்து 30 முதல் 35 டிகிரிக்கு ஆறிய நீர். மேலே தூவி 15 நிமிடம் அசைக்காமல் விட வேண்டும். பிறகு மெல்லக் கலக்கிச் சில நிமிடம் வைக்க வேண்டும். பின் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வெப்பத்தைப் படிப்படியாக இறக்க வேண்டும். ஒரே தாவலில் 10 டிகிரிக்கு மேல் இறங்கக்கூடாது. தாதுக்கள் நீக்கிய நீரும் குளோரின் நீரும் ஆகா. இதில் எந்த இடத்திலும் சறுக்கலாம். வெப்பமானி இல்லாமல் விரலால் சூடு பார்ப்பவர் 45 டிகிரி நீரில் ஈஸ்டைக் கொன்றுவிடுவார். சாறு ஆறட்டும் என்று ஒரு மணி நேரம் ஊறவிட்டால் செல்கள் தம் சேமிப்பை வீணாகச் செலவழிக்கும். 35 டிகிரிக் கரைசலை, குளிரில் நொதிக்கவைக்கும் லாகர் பீருக்கான 12 டிகிரிச் சாற்றில் சட்டென்று ஊற்றினால் அதிர்ச்சியில் ஈஸ்ட் நலியும். ரொட்டிப் பழக்கத்தில் நீரில் சர்க்கரை கலப்பவர், எதைத் தவிர்க்க ஊறவைக்கிறோமோ அதையே செய்கிறார். தவறாக ஊறவைப்பது தூவுவதைவிடக் கேடு. வீட்டுச் சூழலில் தவறுவதற்கான வாய்ப்பு அதிகம்.

தூவுவதை ஆதரிப்போர் சுவைச் சோதனைகளைச் சான்றாகக் காட்டுகிறார்கள். மூன்று கோப்பைகளில் இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. வேறானதைக் கண்டுபிடிக்கச் சொல்வது அந்த முறை. பலரால் கண்டுபிடிக்க முடியவில்லை, ஆகவே வேறுபாடு இல்லை என்பது முடிவு. இந்த முடிவை நான் அரைப்பங்குதான் ஏற்கிறேன். சுவைப்பவர் தொகை சிறிதாக இருந்தால் பெரிய வேறுபாடுகளைத்தான் அந்தச் சோதனை பிடிக்கும். தவிர, இத்தகைய சோதனைகளில் வழக்கமாக வருவது நடுத்தர வலிமையுள்ள ஏலும் புதிய பொட்டலமும். செல்களில் ஒரு பங்கு குறைந்தாலும் ஈடுகட்டிக்கொள்ள இடமுள்ள நிலைமை அது. அங்கே கிடைத்த விடையை 1.090 அடர்த்தியுள்ள பார்லி வைனுக்கோ, 10 டிகிரியில் தொடங்கும் லாகருக்கோ, காலாவதி நெருங்கிய பொட்டலத்துக்கோ நீட்டக்கூடாது. எனவே என் தீர்ப்பு: சாதாரண ஏலுக்குத் தூவுங்கள். அடர்த்தி 1.065ஐத் தாண்டினாலோ, சாறு புளித்ததாக இருந்தாலோ, பொட்டலம் பழையதானாலோ வெப்பமானியுடன் முறையாக ஊறவையுங்கள்.

அளவைப் பற்றிய குழப்பம் இதைவிட ஆழமானது. ஏலுக்கு 1 மில்லிலிட்டர் சாற்றில், 1 டிகிரி பிளேட்டோ அடர்த்திக்கு 7.5 லட்சம் செல்கள் வேண்டும் என்பது நெடுநாள் கணக்கு. 12 டிகிரி பிளேட்டோ உள்ள 20 லிட்டர் சாற்றுக்கு 18,000 கோடிச் செல்கள் ஆகின்றன. பொட்டலமோ கிராமுக்குக் குறைந்தது 500 அல்லது 600 கோடி என்றுதான் உறுதி தந்துவந்தது. 11.5 கிராமுக்கு 600 கோடி வீதம் 6,900 கோடி. கணக்குப்படி மூன்று பொட்டலம் வேண்டும். ஆனால் ஃபெர்மென்டிஸ் ஏலுக்கு 100 லிட்டருக்கு 50 முதல் 80 கிராம், அதாவது 20 லிட்டருக்கு 10 முதல் 16 கிராம் போதும் என்கிறது. யார் சொல்வது சரி?

அந்தப் பழைய கணக்கின் வேர் பீர் ஆலைகளில் இருக்கிறது. முந்தைய தொட்டியிலிருந்து எடுத்து மறுபடி இடும், சேமிப்பு தீர்ந்த ஈஸ்டுக்காக எழுந்தது அது. ஸ்டெரால் நிறைந்த உலர் செல் கூடுதலாகச் சில தலைமுறை பெருகும் வலிமையோடு வருகிறது. உறுதியளிக்கும் எண்ணும் அடிமட்டம்தான். புதிய பொட்டலத்தில் உண்மையில் அதைவிட அதிகம் இருக்கும். ஆகவே திரவ ஈஸ்டின் கணிப்பான்களை உலர் ஈஸ்டின் மேல் அப்படியே போர்த்துவது தவறு. அதே சமயம், ஒரு பொட்டலம் எதற்கும் போதும் என்ற நம்பிக்கையும் தவறு. லாகருக்கு 100 லிட்டருக்கு 80 முதல் 120 கிராம் என்பது அதே நிறுவனத்தின் பரிந்துரை. 20 லிட்டருக்கு இரண்டு பொட்டலம் ஆகிறது. லாகர் காய்ச்சி, ஒரே பொட்டலத்தைத் தூவி, வெண்ணெய் வாசம் வந்துவிட்டதே என்று வருந்துபவர்களுக்கு, ஊறவைக்கும் முறையை ஆராய்வதைவிட இரண்டாவது பொட்டலத்தை வாங்குவது பயன் தரும்.

உலர் ஈஸ்டைச் சிறிதளவு சாற்றில் முன்கூட்டியே பெருக்கித் தயார் செய்வதும் சிலர் வழக்கம். ஆலை ஊட்டி அனுப்பிய சேமிப்பை அது கரைத்துவிடுகிறது. இன்னொரு பொட்டலம் வாங்குவது அதைவிட மலிவு, தூய்மையானதும்கூட. திறந்த பொட்டலத்தை இறுக மூடி 4 டிகிரியில் வைத்தால் 7 நாள் வரை பயன்படும் என்கிறது ஃபெர்மென்டிஸ். பாதிப் பொட்டலத்தை அடுத்த மாதத்துக்கு வைப்பது சிக்கனமல்ல. வாளியின் அடியில் படிந்த ஈஸ்டை உறைமோர் போல அடுத்த முறைக்கு எடுத்துவைப்பவர்கள் மட்டும் ஒன்றை மறக்கக்கூடாது. ஆலையில் சேர்த்த ஸ்டெரால் முதல் நொதித்தலிலேயே செலவாகிவிட்டது. இரண்டாம் முறை அது உலர் ஈஸ்ட் அல்ல. சாற்றுக்குக் காற்றேற்றம் வேண்டும், அளவும் பழைய கணக்குப்படியே பார்க்க வேண்டும்.

வெப்பநிலையைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை, ஆனால் அதை விட்டால் மற்ற எல்லாம் வீண். நொதித்தலே வெப்பம் உண்டாக்கும். அறையைவிட வாளிக்குள் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். முதல் மூன்று நாளில் உருவாகும் மணங்கள்தான் கடைசிவரை நிற்கும். 24 டிகிரிச் சாற்றில் ஈஸ்டை இட்டுவிட்டு இரவுக்குள் ஆறிவிடும் என்று நம்புபவருக்கு, எந்த ரகத்தை எவ்வளவு கவனமாக ஊறவைத்திருந்தாலும் பலனில்லை.

தயாரிப்பாளர்களிடம் ஒன்றை அழுத்தமாகக் கேட்க வேண்டியிருக்கிறது. வேறோர் ஆலையில் உலர்த்தியதை வாங்கித் தம் பெயரில் பொட்டலமிடும் நிறுவனங்கள், அது எந்த ரகம் என்று சொல்வதில்லை. பல பொட்டலங்களில் காலாவதித் தேதி உண்டு. அடைத்த தேதி இல்லை. மால்டோட்ரையோஸை உண்ணுமா, டயாஸ்டேடிகஸ் வகையா என்பவை தகவல் தாள்களில் எங்கோ இருக்கின்றன. 11 கிராம் பொட்டலம் வாங்குபவர் தகவல் தாள் தேடிப் படிப்பார் என்று எதிர்பார்க்கக்கூடாது. ரகத்தின் பெயர், அடைத்த நாள், அன்றைய செல் எண்ணிக்கை, எந்தச் சர்க்கரையை உண்ணும் என்ற விவரம் ஆகிய நான்கும் பொட்டலத்தின் மேலேயே அச்சாக வேண்டும். புட்டியில் அழுத்தம் ஏற்றக்கூடிய ரகமானால் அந்த எச்சரிக்கை பெயருக்குப் பக்கத்திலேயே, பெயரின் அளவு எழுத்திலேயே வர வேண்டும்.